மக்கில பென் ட்ரைவுக்கு ஏத்தேலாம நிக்கிற தம்பிக்கு

தம்பி, மாமா கனடாவிலயிருந்து கொண்டுவந்த மக்கில (அப்பிள் கம்பியூட்டரில) பென் ட்ரைவ் திறக்குது, ஆனா ஒண்டும் ஏத்தேலாது, பழுதோ எண்டு கேட்டிருந்தீங்கள். பழுதில்லை. ட்ரைவ் என்டிஎஃப்எஸ் எண்ட வின்டோஸ் ஃபோர்மட்டில இருக்கும். மக் அதை வாசிக்கும், எழுதாது. உள்ளதெல்லாத்தையும் முதல் மக்கில எடுத்து வையுங்கோ, ஃபோர்மட் பண்ணினா அழிஞ்சுபோம். பிறகு மக்கிலயே இருக்கிற டிஸ்க் யூட்டிலிட்டியில எக்ஸ்ஃபட் எண்டு ஃபோர்மட் பண்ணுங்கோ. திருநெல்வேலியில பிரிண்ட் எடுக்கிற கடை வின்டோஸிலயும் திறக்கும்.

மக்கில கொப்பி பண்ண அமத்துறது கன்ட்ரோல் கீ இல்லை, கமாண்ட் கீ. எனக்கும் முதல் கிழமை அழுகையே வந்தது. அதிலயும் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில பழகின கைக்குத் தமிழ் அடிக்கிறதுதான் பெரிய கஷ்டம். மக்கிலயே அஞ்சல் எண்ட தமிழ் கீபோர்ட் இருக்கு, கீபோர்ட் செட்டிங்ஸில சேர்த்துவிடுங்கோ. ஆங்கில எழுத்தில ஒலிப்படி அடிச்சால் தமிழ் வரும். ட்ரைவ் சரிவந்தோ எண்டு எழுதுங்கோ.