ஸ்லீப்பில் இருக்கும் கணினி தானாக எழுந்து வேலை செய்துவிட்டு மறுபடி தூங்குமா?

தாராளமாகச் செய்யும். இதற்காக இரவு முழுக்கக் கணினியை ஓட விட வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பது விண்டோஸ் கணினி. அதிகாலை 3 மணிக்கு பேக்கப் எடுக்க, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்திருக்கிறீர்கள். சில நாள் எழுவதே இல்லை, சில நாள் எழுந்தும் பேக்கப் பாதியில் நின்றுவிடுகிறது. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். எழாமல் இருப்பதைச் சரிசெய்வது சுலபம். எழுந்த கணினியை வேலை முடியும்வரை தூங்கவிடாமல் பிடித்துவைப்பதுதான் சிரமம், ஆட்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

முதலில் கணினியை எழுப்புவது எது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஸ்லீப்பில் ப்ராசசர் நின்றிருக்கும், டாஸ்க் ஷெட்யூலரும் நின்றிருக்கும். அது நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. மதர்போர்டில் தனியாக ஒரு சின்ன கடிகாரச் சில்லு இருக்கிறது, ஆர்டிசி என்பார்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத்தை வைத்து அது நேரம் கணக்கிடும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும், அதனால்தான் அந்த எண். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் கடிகாரச் சில்லிலேயே அலாரம் வசதி இருந்தது. இன்றும் பெரும்பாலும் அதே யோசனைதான்: கணினி தூங்கப் போகும்முன் இயங்குதளம் "இத்தனை மணிக்கு எழுப்பு" என்று அந்தச் சில்லில் குறித்துவிட்டுப் போகிறது. உங்கள் கணினி எழவில்லை என்றால், அந்தக் குறிப்பே போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸில் அது போய்ச் சேர இரண்டு இடங்கள் ஒத்துப்போக வேண்டும். டாஸ்கின் 'கண்டிஷன்ஸ்' பகுதியில் 'வேக் த கம்ப்யூட்டர் டு ரன் திஸ் டாஸ்க்' என்பதில் டிக் இருக்க வேண்டும். இதைப் பலரும் செய்துவிடுவார்கள். அடுத்தது பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்புகளில், 'ஸ்லீப்' என்பதன் கீழே இருக்கும் 'அலவ் வேக் டைமர்ஸ்'. அது 'எனேபிள்' என்று இருக்க வேண்டும். 'இம்பார்ட்டன்ட் வேக் டைமர்ஸ் ஒன்லி' என்று இருந்தால் விண்டோஸ் தனக்கு முக்கியம் என்று நினைப்பதற்கு மட்டும்தான் எழும், நீங்கள் போட்ட டாஸ்க் அந்தக் கணக்கில் வராது. மடிக்கணினி என்றால் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் இந்த அமைப்பு தனித்தனியாக இருக்கும் என்பதையும் பாருங்கள். டிக் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்பார்கள்.

இரண்டையும் சரிசெய்த பிறகு, அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை வேக்டைமர்ஸ் என்ற தெரிவோடு (powercfg /waketimers) ஓட்டுங்கள். உங்கள் டாஸ்கின் பெயரும் நேரமும் அதில் தெரிந்தால் குறிப்பு பதிவாகிவிட்டது என்று நம்பலாம். தெரியவில்லை என்றால் இரவுவரை காத்திருப்பதில் பயனில்லை.

சரி, கணினி எழுந்துவிட்டது. இப்போது பாதியில் நிற்கும் கதை. விசைப்பலகையைத் தட்டி நீங்கள் எழுப்பினால், வழக்கமான நேரம்வரை சும்மா இருந்த பிறகுதான் கணினி தூங்கும். ஆனால் டைமர் எழுப்பினால் ஆளில்லாமல் எழுந்ததாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. திரைகூட எரியாமல் இருக்கலாம், அதைப் பார்த்து எழவில்லை என்று நினைக்க வேண்டாம். இப்படி எழுந்த கணினிக்குத் தனியாக ஒரு கெடு உண்டு, வழக்கமாக அது 2 நிமிடம். அதற்குள் எந்த நிரலாவது "எனக்கு வேலை இருக்கிறது, தூங்காதே" என்று முறைப்படி கேட்கவில்லை என்றால், கணினி திரும்பத் தூங்கிவிடும். உங்கள் பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்ட்) பின்னணியில் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருப்பது மட்டும் அப்படிக் கேட்டதாகாது. பெரிய பேக்கப் நடுவழியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வழிகள் உண்டு. 'சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட்' என்ற அமைப்புதான் அந்தக் கெடு. அது மறைத்து வைக்கப்பட்டிருக்கும், பவர்சிஎஃப்ஜி மூலம் அதை வெளியே கொண்டுவந்து, பேக்கப் முடியத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். நல்ல பேக்கப் மென்பொருள்கள் பல தாமே கணினியை விழித்திருக்கச் சொல்லிவிடும், உங்களுடையது சொல்கிறதா என்று அதன் அமைப்புகளில் பாருங்கள். நானே ஸ்கிரிப்ட் எழுதும்போது எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் இருக்கும், கணினியைத் தூங்கவிடாமல் வைக்கும் 'அவேக்' கருவியை ஸ்கிரிப்டின் ஆரம்பத்திலேயே நேர வரம்போடு ஓட விடுவது. அந்த வரம்பு தீர்ந்ததும் தடுப்பு தானாக விலகிவிடும், கணினியும் தன் பாட்டுக்குத் தூங்கப் போகும்.

தூங்க வைப்பதை அதனிடமே விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஸ்லீப் கட்டளை போடுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஒருநாள் அந்த நேரத்தில் நீங்கள் கண்விழித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தால், கைக்கடியிலேயே கணினி அணைந்துபோகும். அதோடு, ரன்டிஎல்எல்32 வழியாக விண்டோஸைத் தூங்க வைக்கப் பரவலாகச் சொல்லப்படும் கட்டளை, ஹைபர்னேட் (நினைவகத்தில் இருப்பதை வட்டில் சேமித்துவிட்டு அணைவது) இயக்கத்தில் இருந்தால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட்டுக்கே கொண்டுபோய்விடும்.

டாஸ்கில் இன்னும் சில விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. 'ரன் வெதர் யூசர் இஸ் லாக்டு ஆன் ஆர் நாட்' என்பதைத் தேர்ந்தால் கடவுச்சொல் கேட்கும், அங்கே பின் எண் செல்லாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். பின்னால் கடவுச்சொல்லை மாற்றினால் டாஸ்கிலும் மாற்றுங்கள், இல்லையென்றால் சத்தமில்லாமல் நின்றுபோகும். இந்த முறையில் ஓடும் டாஸ்குக்கு நீங்கள் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் எழுத்துகள் தெரியாது, சர்வர் பெயரோடு முழுப் பாதையைக் கொடுங்கள். எழுந்தவுடன் வைஃபை இணைப்பு கிடைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் ஸ்கிரிப்ட் முதலில் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருந்து தொடங்கட்டும். தவறிப்போன டாஸ்கை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டச் சொல்லும் டிக்கையும் போட்டு வையுங்கள்.

லினக்ஸில் எனக்கு இது இன்னும் தெளிவாகத் தோன்றும். நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரான் கணினியை எழுப்பாது, தூங்கும்போது தவறிய வேலையைப் பிறகு ஓட்டவும் செய்யாது. அதற்குப் பதில் சிஸ்டம்டி டைமரில் வேக்சிஸ்டம், பெர்சிஸ்டென்ட் இரண்டையும் ட்ரூ ஆக்கினால் எழுப்புவதும் நடக்கும், தவறியதைப் பிடிப்பதும் நடக்கும். ஆனால் எழுப்பியதை அது திரும்பத் தூங்க வைக்காது. வேலை நடக்கும்போது தூங்காமல் இருக்க சிஸ்டம்டி-இன்ஹிபிட் வழியாக ஓட்டுங்கள். ஒரே ஒரு முறைக்கு ஆர்டிசிவேக் கட்டளையே போதும்.

மேக்கில் வெஞ்சுரா பதிப்பிலிருந்து இதற்கான திரை அமைப்பை எடுத்துவிட்டார்கள், ஆனால் டெர்மினலில் பிஎம்செட் ரிப்பீட் இன்னும் வேலை செய்கிறது. வேலை முடியும்வரை விழிப்பில் வைக்க, கட்டளைக்கு முன்னால் கஃபினேட் சேர்த்தால் போதும்.

முழுதாக ஷட்டவுன் செய்த கணினியை எழுப்ப விண்டோஸின் டைமர் உதவாது, பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையில்) இருக்கும் ஆர்டிசி அலாரம்தான் வழி. ஒவ்வொரு மதர்போர்டிலும் அதற்கு ஒவ்வொரு பெயர். இஆர்பி என்ற மின்சிக்கன அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அது அலாரத்தைத் தடுத்துவிடலாம். லினக்ஸ் மட்டும் உள்ள கணினிகளில் வன்பொருள் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், பயாஸில் உள்ளூர் நேரத்தைப் போட்டால் வேறு நேரத்துக்கு எழும். வட்டை மறையாக்கம் செய்து, தொடக்கத்தில் கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருந்தால், கணினி எழுந்து அந்தக் கேள்வியிலேயே விடியும்வரை நிற்கும். இதனால்தான் ஸ்லீப்பே நல்லது என்கிறேன்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மின்சாரத்தில் இருந்தால் மட்டும் ஓடு என்ற கண்டிஷனை நீக்காதீர்கள், பேட்டரியில் வேக் டைமர்களை அணைத்தே வையுங்கள். மூடிய பைக்குள் எழுந்து ஓடினால் சூடு வெளியேற வழியிருக்காது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய எஸ்3 ஸ்லீப் (மேலே சொன்ன, ப்ராசசர் நின்றுவிடும் வகை) இல்லை, முழுதாக நிற்காமல் லேசாக ஓடிக்கொண்டே தூங்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டுமே இருக்கும். பவர்சிஎஃப்ஜியை ஏ தெரிவோடு (powercfg /a) ஓட்டினால் எது என்று தெரியும். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்றால் சார்ஜரில் வைத்துச் சோதித்த பிறகே நம்புங்கள்.

சோதிக்க விடியற்காலைவரை காத்திருக்க வேண்டாம். டாஸ்கை பத்து நிமிடம் கழித்து ஓடும்படி வைத்து, கையால் ஸ்லீப்பில் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் பாருங்கள். சோதனைக்கு உண்மையான பேக்கப்பையே ஓட்டுங்கள், 2 நிமிடக் கெடு சின்ன வேலையில் அகப்படாது. அப்புறம் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் பவர்-ட்ரபிள்ஷூட்டர், எண் 1 என்று தேடுங்கள். எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எது எழுப்பியது என்று அதில் இருக்கும். அதற்குப் பிறகும் எழவில்லை என்றால், அந்தப் பதிவில் வரும் வரிகளையும் வேக்டைமர்ஸ் காட்டுவதையும் அப்படியே இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.