டெலோஸுக்குப் பெருந்தொகை எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் நானும் எழுபது வயதான என் தாயாரும் கிரீஸின் மைக்கோனோஸ் தீவில் இரண்டு நாட்கள் தங்கவிருக்கிறோம். பக்கத்திலுள்ள, பண்டைய கிரேக்க இடிபாடுகள் நிறைந்த டெலோஸ் தீவைப் பார்க்கப் படகு, நுழைவுச் சீட்டு, வழிகாட்டி, தீவிலேயே ஓர் இரவு என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முகவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டெலோஸில் விடுதி ஒன்றுகூட இல்லை. பார்வையாளர்கள் இரவில் தங்க அனுமதியும் இல்லை. காவலர்களும் அகழாய்வாளர்களும் தங்குகிறார்களே என்று முகவர் வாதிடக்கூடும். உண்மைதான், ஆனால் அவர்கள் தங்குவது பணியின் பொருட்டு. 1870களிலிருந்து அங்கே அகழ்ந்துவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாருக்கும், தளத்தைக் காக்கும் ஊழியர்களுக்கும் உரிய அந்த விலக்கை, காவலர் எனக்குச் சொந்தக்காரர் என்று சொல்லும் எவரும் உங்களுக்கு விலைக்கு வாங்கித் தர முடியாது.

படகு, மைக்கோனோஸ் நகரின் பழைய துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது; பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் தூர்லோஸ் புதிய துறைமுகத்தில் போய்க் காத்திருந்து படகைத் தவறவிடுபவர்கள் ஏராளம். படகுச் சீட்டு வேறு, நுழைவுச் சீட்டு வேறு என்பதை மறக்கவேண்டாம். "எல்லாம் அடக்கம்" என்று விற்கப்படும் தொகுப்புகளில் இரண்டாவது சீட்டு பல வேளைகளில் காணாமற்போய்விடும். உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே தளத்துக்குள் விளக்கம் சொல்ல உரிமை உண்டு. ஆகவே உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அவரை விட்டுவிடுங்கள். திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. ஆதலால் முந்தின நாளே படகுச் சீட்டு விற்கும் இடத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் தாயார் 112 மீட்டர் உயரமுள்ள கின்தோஸ் குன்றில் ஏறவேண்டாம்; அங்கே நிழலே கிடையாது, படிகளும் சீராக இரா. சிங்கச் சிலைகளின் வரிசையைப் பார்த்தாலே போதும். நாக்சோஸ் தீவினர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் காணிக்கையாக நிறுத்திய அச்சிங்கங்கள், முன்கால்களை ஊன்றி, வாய் பிளந்து, புனித ஏரியை நோக்கி அமர்ந்திருக்கின்றன. ஏரியில் இன்று நீர் இல்லை. கொசுத் தொல்லையால் 1920களில் அதை வற்றவைத்துவிட்டார்கள், நடுவில் ஒரு பனை இனத்து மரம் நிற்கிறது. வெளியில் இருப்பவை நகல்கள்தாம். மூலச் சிலைகளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஒன்று மட்டும் வெனிஸ் நகரத்துப் படைக்கலச் சாலை வாயிலில், பிற்காலத்தில் பொருத்திய தலையோடு இருக்கிறது.

குடிநீர், தொப்பி, இறுகப் பிடிக்கும் காலணி ஆகியவற்றை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். கோடையில் மெல்தெமி என்னும் வடகாற்று பலமாக வீசினால் படகுகள் நின்றுவிடும்; எனவே டெலோஸுக்கு முதல் நாளையே ஒதுக்குங்கள், இரண்டாம் நாள் கையிருப்பாக இருக்கட்டும்.