மின்சாரமும் வெந்நீரும் ஒரே உலையில்: ஐரோப்பாவின் கோஜென் பற்றி வாசகர் கேள்விகள்

ஐரோப்பாவின் பல நகரங்களில் மின்நிலையங்கள் மின்சாரத்தோடு நிற்பதில்லை. வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரையும் அவையே அனுப்புகின்றன. ‘கோஜெனரேஷன்’ என்பதை நம் பொறியாளர்கள் சுருக்கி ‘கோஜென்’ என்று சொல்லும் இந்த முறை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நெய்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்: நாங்கள் ஆயுசு முழுக்க 35 சதவீதத் திறனோடு மல்லுக்கட்டினோம். டென்மார்க்கில் 90 சதவீதம் என்கிறார்களே, எப்படி?

ஐயா, நீங்கள் அளந்தது மின்சாரத்தை மட்டும். அவர்கள் ஊருக்குப் போன வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள்.

உங்கள் கண்டென்சரில் நீராவி 40 டிகிரி வாக்கில் தண்ணீராகிவிடும். எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போய், கூலிங் டவர் வழியாகக் காற்றில் கலக்கிறது. 40 டிகிரித் தண்ணீரால் பனிக்காலத்தில் பழைய வீடு ஒன்றைச் சூடாக்க முடியாது. அதனால் கோஜென் நிலையத்தில் நீராவி டர்பைனில் முழுக்க விரிவதற்கு முன்பே அதை எடுத்து, 80 முதல் 100 டிகிரி வரை தண்ணீரைச் சூடாக்கி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். முன்கூட்டியே எடுப்பதால் மின்சாரம் குறையத்தான் செய்யும். உதாரணத்துக்கு, 100 பங்கு எரிபொருளில் 38 பங்கு மின்சாரம் தந்த நிலையம் இப்போது 30 பங்குதான் தரும். ஆனால் 56 பங்கு வெப்பம் ஊருக்குப் போய்ச் சேரும். விட்டுக்கொடுத்த ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏழு யூனிட் வெப்பம் கைக்கு வருகிறது. வீட்டில் வைக்கும் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலோ மண்ணிலோ நீரிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி) அதே ஒரு யூனிட்டில் மூன்று, மிஞ்சினால் நான்கு யூனிட் வெப்பம்தான் தரும். கோஜெனின் முழு நியாயமும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

எரிவாயு நிலையங்களில் இது இன்னும் நன்றாக வரும். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் 2016-இல் தொடங்கிய லாஸ்வார்ட் நிலையம் மின்சாரத்தில் மட்டும் 61 சதவீதத்தைத் தாண்டியது. நகரத்துக்கு 300 மெகாவாட் வரை வெப்பமும் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எரிபொருளில் 85 சதவீதம் வரை பயனுக்கு வருகிறது.

ஆனால் அந்த வெப்பத்தை வாங்க ஆள் வேண்டும், ஆளிடம் கொண்டுசேர்க்கக் குழாய் வேண்டும். ஐரோப்பாவில் கோஜென் எங்கே வளர்ந்தது, எங்கே நின்றுபோனது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் டர்பைனில் இருக்காது, தெருவுக்கடியில்தான் இருக்கும்.

டென்மார்க்கில் மூன்றில் இரண்டு வீடுகளுக்குக் குழாய் வெப்பமாம். பிரிட்டனும் குளிர்நாடுதானே, அங்கே ஏன் இல்லை?

டென்மார்க்கில் இது குப்பையில் தொடங்கியது. கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பர்க் நகராட்சிக்குக் குப்பை கொட்ட இடமில்லாமல் போனது. 1903-இல் குப்பையை எரிக்கும் உலை ஒன்றைக் கட்டி, அதிலிருந்து மின்சாரமும், பக்கத்து மருத்துவமனைக்கு வெப்பமும் எடுத்தார்கள். அதன் பின் பல நகரங்களில் மெல்ல மெல்லக் குழாய்கள் பரவின.

உண்மையான திருப்பம் 1973-இல் வந்தது. அப்போது டென்மார்க்கின் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெய். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அந்த அடி அவர்களை யோசிக்க வைத்தது. 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊரில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று வரைபடம் போட வேண்டும். இந்தப் பகுதிக்கு வெந்நீர்க் குழாய், அந்தப் பகுதிக்கு எரிவாயு என்று பிரிக்க வேண்டும். குழாயோ எரிவாயுவோ உள்ள இடங்களில் புது வீடுகளுக்கு மின்சார ஹீட்டர் கூடாது என்று 1988-இல் தடையும் போட்டார்கள். 1986-க்குப் பிறகு சின்னஞ்சிறு ஊர்களிலும் கேஸ் என்ஜின் வைத்த குட்டி கோஜென் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது உடைமை பற்றிய விதி. வெப்ப நிறுவனம் நகராட்சியுடையதாகவோ, வெப்பம் வாங்கும் மக்களே நடத்தும் கூட்டுறவாகவோதான் பெரும்பாலும் இருக்கும். அது லாபம் வைக்கக் கூடாது, ஆன செலவை மட்டுமே விலையில் சேர்க்கலாம். குழாய் என்பது இயல்பிலேயே ஏகபோகம். ஒரே தெருவில் இரண்டு கம்பெனி குழாய் புதைக்காது. அந்த ஏகபோகத்தை மக்கள் நம்பி ஏற்க வேண்டுமானால் லாபக்கணக்கு அதில் இருக்கக்கூடாது என்று டென்மார்க்காரர்கள் தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். அவர்கள் பெற்ற வெற்றியில் பொறியியலுக்கு உள்ள பங்கைவிட இந்த முடிவுக்கு உள்ள பங்கு பெரியது என்பது என் கருத்து.

பிரிட்டனும் நன்றாகத்தான் தொடங்கியது. லண்டனில் பேட்டர்சீ மின்நிலையத்தின் வெப்பத்தை தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாகக் கொண்டுபோய், எதிர்க்கரையில் பிம்லிகோ குடியிருப்புக்கு 1950-இலேயே கொடுத்தார்கள். வெந்நீரைச் சேமிக்க அங்கே ஓர் உயரமான கோபுரமும் கட்டினார்கள். ஆனால் வடகடலில் எரிவாயு கிடைத்ததும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி பாய்லர் என்று நாடே அந்தப் பக்கம் சாய்ந்தது. பேட்டர்சீ 1983-இல் மூடப்பட்டது. பிம்லிகோவின் குழாய்வலை சொந்த என்ஜின்களோடும் பாய்லர்களோடும் இன்னும் ஓடுகிறது. நாடு முழுக்கப் பார்த்தால் நூறு வீட்டில் இரண்டு மூன்றுக்குத்தான் குழாய் வெப்பம்.

பெர்லினில் படிக்கும் மாணவி: எங்கள் குடியிருப்பில் குழாய் வெப்பம்தான். பில் மிகவும் கூடிவிட்டது. கம்பெனியை மாற்றவும் முடியாது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான் அம்மா. மின்சாரத்துக்குக் கம்பெனி மாற்றலாம், குழாய் வெப்பத்துக்கு முடியாது. ஜெர்மனியில் வெப்பத்தின் விலை ஒரு சூத்திரப்படி ஏறி இறங்கும். அதில் எரிவாயுச் சந்தை விலைக்கும் பங்குண்டு. 2022-இல் எரிவாயு விலை எகிறியதன் பாதிப்பு தாமதமாகப் பில்லில் வந்து விழுந்தது. இந்தச் சூத்திரங்கள் சட்டப்படி உள்ளனவா என்று ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2023 இறுதியில் சில நிறுவனங்கள் மீது விசாரணையே தொடங்கியது. உங்கள் பெர்லினில் வெப்ப நிலையங்களையும் குழாய்களையும் வாட்டன்ஃபால் நிறுவனத்திடமிருந்து மாநில அரசு 2024-இல் வாங்கிக்கொண்டது. நல்ல திசை என்று நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெப்பச் செலவில் குறைந்தது 50, அதிகபட்சம் 70 சதவீதத்தை அவரவர் மீட்டர் அளவுப்படிதான் பங்கிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. வருடக் கணக்கு வந்ததும் அந்தப் பங்கீட்டைச் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் வாடகைதாரர் சங்கத்தில் காட்டுங்கள்.

நெதர்லாந்தில் தக்காளித் தோட்டத்துக்குள் மின்நிலையம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம்தான், அழகான ஏற்பாடும்கூட. கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி வளர்ப்பவர் ஒரு கேஸ் என்ஜின் வைத்துக்கொள்கிறார். அது தரும் மின்சாரம் விளக்குக்கும் விற்பனைக்கும், வெப்பம் கூடாரத்துக்கும் போகிறது. புகையை வினையூக்கி வைத்துச் சுத்தம் செய்து, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் செடிகளுக்கே விடுகிறார்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும் அந்த வாயுவை கூடாரத்துக்குள் 800, 1,000 என்று உயர்த்தினால் விளைச்சல் கூடும். பக்கத்தில் பெரிய வெந்நீர்த் தொட்டி நிற்பதால், மின்சார விலை ஏறும் பகலில் என்ஜினை ஓட்டி வெப்பத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எரிவாயு விலை உயர்ந்த ஆண்டுகளில் சில விவசாயிகள் குளிர்காலச் சாகுபடியையே விட்டார்கள். இப்போது பலர் நிலத்தடி வெப்பத்துக்கு மாறிவருகிறார்கள். வெப்பத்துக்கு மாற்று கிடைத்துவிடும், செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடுக்கு எங்கே போவது? ராட்டர்டாம் பக்கம் 2005 முதல் ஆலைகளின் கழிவு கார்பன் டை ஆக்சைடைக் குழாயில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் போட்ட இலக்கு என்னவாயிற்று?

1997-இல் ஒரு கனவு வைத்தார்கள். மின்சாரத்தில் 9 சதவீதமாக இருந்த கோஜென் பங்கை 2010-க்குள் 18 ஆக்குவது. 2004-இல் தனி ஆணையும் வந்தது. ஆனால் பங்கு 11, 12 சதவீதத்திலேயே நின்றுவிட்டது.

மின்சந்தையைத் திறந்துவிட்டதும் மின்சாரம் மலிந்தது, எரிவாயு விலை ஏறியது. 2005-இல் கார்பன் விலை (வெளியிடும் கார்பன் டை ஆக்சைடுக்குக் கட்ட வேண்டிய தொகை) வந்தபோது பெரிய கோஜென் நிலையம் அதைக் கட்டியது, வீட்டில் தனி எரிவாயு பாய்லர் வைத்தவர் கட்டவில்லை. குறைவாக எரிப்பவருக்கு வரி, கூடுதலாக எரிப்பவருக்கு விலக்கு என்ற இந்த அநியாயம் இருபது ஆண்டாக நீடிக்கிறது. வீட்டு எரிபொருளுக்கும் கார்பன் விலை போடும் இரண்டாவது திட்டம் சட்டமாகிவிட்டது, நடைமுறைதான் தள்ளிப்போகிறது.

2023-இன் திருத்திய ஆணையில் ஒரு முக்கியமான எண் இருக்கிறது. ‘உயர்திறன்’ என்ற தகுதி வேண்டுமானால், தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (வெப்பமும் மின்சாரமும் சேர்த்து) கார்பன் டை ஆக்சைடு 270 கிராமுக்குக் குறைய வேண்டும். எரிவாயுவை எரித்தால் யூனிட்டுக்குச் சுமார் 200 கிராம். 85 சதவீதத் திறனில் ஓடினால் 235 சொச்சம் வரும், தேறிவிடும். நிலக்கரி 340 கிராமில் தொடங்குவதால் எவ்வளவு திறமையாக எரித்தாலும் தேறாது. நிலக்கரி கோஜெனுக்கு எழுதிய முடிவுரை என்றே இந்த எண்ணைச் சொல்லலாம். வார்சா போன்ற போலந்து நகரங்களுக்கு இது பெரிய வேலை வைத்திருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே குட்டி கோஜென் வைக்கலாமா?

ஜெர்மனியில் எரிபொருள் மின்கலன் (எரிபொருளை எரிக்காமல் வேதிவினையால் மின்சாரமாக்கும் அமைப்பு) வைத்த வீட்டுக் கருவிகளுக்கு அரசு மானியம் கொடுத்துப் பார்த்தது. விலை இறங்கவில்லை. ஒற்றை வீட்டுக்கு ஹீட் பம்ப்தான் பொருத்தம். மருத்துவமனை, நீச்சல்குளம், விடுதி போன்று ஆண்டு முழுக்க வெந்நீர் கேட்கும் இடங்களுக்கு என்ஜின் இன்னும் கட்டுப்படியாகும்.

அணுமின் நிலையத்திலிருந்தும் வெப்பம் எடுக்கலாமா?

எடுத்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் அருகே மலைக்குள் குடைந்து கட்டிய ஆகெஸ்டா உலை 1964 முதல் 1974 வரை ஃபார்ஸ்டா புறநகரைச் சூடாக்கியது. சுவிட்சர்லாந்தின் பெஸ்னாவ் நிலையம் 1980-களிலிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொடுக்கிறது. செக் நாட்டில் டெமெலின் நிலையத்திலிருந்து 26 கிலோமீட்டர் குழாய் போட்டு, 2023 முதல் செஸ்கே புடியோவிட்ஸே நகருக்கு வெப்பம் போகிறது.

காற்றாலையும் ஹீட் பம்பும் வந்துவிட்டனவே. கோஜெனுக்கு இனி எதிர்காலம் உண்டா?

ஆண்டு முழுக்க எரியும் நிலையமாக அதற்கு எதிர்காலம் இல்லை. டென்மார்க்கில் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலையிலிருந்து வருகிறது. காற்று வீசும் நாளில் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுப்பது நஷ்டம். சிற்றூர் நிலையங்களுக்குத் தந்துவந்த நிலையான உதவித்தொகையும் 2018 இறுதியோடு நின்றது. அதே ஊர்களில் இன்று மின்சார பாய்லரும் ஹீட் பம்பும் சூரிய வெப்பத் தகடுகளும் அதே பழைய குழாயில் வெந்நீரை ஏற்றுகின்றன.

டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுக நகரத்தைப் பாருங்கள். அங்கே நிலக்கரி கோஜென் நிலையம் 2024-இல் மூடப்பட்டது. வட கடலின் குளிர்ந்த நீரிலிருந்தே வெப்பத்தை இழுக்கும் 70 மெகாவாட் ஹீட் பம்ப் வந்துவிட்டது. சுமார் 25,000 குடும்பங்களுக்கு அது போதும். ஹெல்சிங்கி தன் ஹனசாரி நிலக்கரி நிலையத்தை 2023-லும் சல்மிசாரியை 2025-லும் மூடியது. சாக்கடை நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் நிலையம் அங்கே 2006 முதலே இருக்கிறது. எந்த வீட்டிலும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. தனித்தனி பாய்லர் வைத்த நாடுகள் இதே மாற்றத்துக்கு லட்சக்கணக்கான வீட்டுக்கதவுகளைத் தட்ட வேண்டும்.

ஆனால் ஜனவரியில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, கடுங்குளிர் என்று பத்து நாள் வரும். அன்று எல்லா ஹீட் பம்பும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும். அந்த நாட்களுக்குக் கோஜென் வேண்டும். வடஜெர்மனியின் கீல் நகரம் அதற்குத் தகுந்தபடி கட்டியது: பழைய நிலக்கரி நிலையத்துக்குப் பதில் 20 கேஸ் என்ஜின்கள், மொத்தம் 190 மெகாவாட், பக்கத்தில் பெரிய வெந்நீர்த் தொட்டி. சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கும், வேண்டாதபோது நிறுத்திவிடலாம். இப்படி ஆண்டில் சில நூறு மணி நேரம் ஓடப்போகும் நிலையத்துக்கு, தயாராக நிற்பதற்கே பணம் தர வேண்டும். அந்த ஏற்பாட்டை ஐரோப்பா இன்னும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது என் கவலை.

மரத்தூள், மரச்சில்லு எரிக்கும் கோஜென் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். அறுவை ஆலைக் கழிவு என்றால் சரி. கடல் கடந்து கப்பலில் வரும் மர உருண்டைகளைப் ‘பசுமை’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டாக்ஹோமில் மரக்கழிவு நிலையத்தின் புகையிலிருந்து ஆண்டுக்கு 8 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கடலடியில் புதைக்க 2025-இல் முடிவெடுத்திருக்கிறார்கள். அதை நான் ஆவலோடு கவனித்துவருகிறேன். ஹைட்ரஜனை எரித்து வீட்டைச் சூடாக்கும் யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவ்வளவு மின்சாரம் செலவழித்து உண்டாக்கிய பொருளை வெந்நீருக்குக் கொடுப்பது கட்டாது.

உக்ரைனில் இந்த நிலையங்களைத்தான் குறிவைத்துத் தாக்குகிறார்கள். பெரிய நிலையம் வைத்ததே தவறா?

சோவியத் காலத்தில் ஒரு பெரிய நிலையம், அதிலிருந்து நகரத்தின் பெரும்பகுதிக்குக் குழாய் என்றுதான் கட்டினார்கள். 2024 மார்ச் 22 அன்று ஹார்கிவ் நகரின் ஐந்தாவது கோஜென் நிலையம் ரஷ்யத் தாக்குதலில் நாசமானது. குளிர்காலத்தில் குழாயில் நீர் உறைந்தால் வெடித்துவிடும், அதனால் ஓர் அடியில் இரண்டு நாசம். இப்போது பல நகரங்களில் சிறு கேஸ் என்ஜின்களைப் பரவலாக வைத்துவருகிறார்கள். பல நாடுகள் தானமாகவும் தந்திருக்கின்றன. போர் இல்லாத ஊருக்கும் இது நல்ல வழிதான்: குழாய்வலை பெரிதாக இருக்கட்டும், அதற்கு வெப்பம் தரும் உலைகள் பல இடத்தில் இருக்கட்டும்.

நம் சர்க்கரை ஆலைகளில் நடப்பதும் இதுதானே?

இதேதான். கரும்புச் சக்கையை எரித்து, நீராவியில் முதலில் மின்சாரம் எடுத்து, மீதி வெப்பத்தில் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். ஐரோப்பாவின் பீட் கிழங்குச் சர்க்கரை ஆலைகளும் வட ஐரோப்பியக் காகித ஆலைகளும் நெடுங்காலமாகச் செய்வதும் இதுவே. ஆலையே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் ஊருக்குக் குழாய் போட வேண்டிய அவசியம் வரவில்லை. நமக்குக் குளிர்காலம் இல்லை என்பது தடையும் இல்லை. வெப்பத்தைக் கொண்டே குளிர்நீர் தரும் உறிஞ்சுவகை இயந்திரங்கள் உண்டு. வியன்னாவில் ஷ்பிட்டலாவ் குப்பை எரிநிலையம் குளிர்காலத்தில் நகருக்கு வெந்நீர் தருகிறது. அங்குள்ள குளிர்நீர் நிலையம் 2009 முதல் பொது மருத்துவமனையின் குளிரூட்டலுக்குக் குளிர்நீர் அனுப்புகிறது. சென்னையிலோ கோவையிலோ பெரிய மருத்துவமனை கட்டுபவர்கள் அந்த வடிவமைப்பை ஒருமுறை வரவழைத்துப் பார்க்கலாம்.