பாடகியைப் பற்றிய ஆவணப்படத்தில் அவர் பாடிய திரைப்பாடல்களைச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரைச் சேர்ந்த பின்னணிப் பாடகி ஒருவர் 1960-களில் சில தமிழ்ப் படங்களில் பாடியவர், பிறகு நெடுங்காலம் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடினார். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவரைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து ஒரு மணி நேர ஆவணப்படம் எடுக்கிறோம். திரைப்பட விழாக்களுக்கு அனுப்பிய பிறகு யூடியூபில் வெளியிட எண்ணம். முப்பது விநாடிக்குள் இருந்தால் எந்தப் பாட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே, உண்மையா? அவருடன் இணைந்து பாடிய, இப்போது உயிருடன் இல்லாத பாடகரைப் பற்றிச் சொல்ல அவருடைய குடும்பத்தாரின் அனுமதி தேவையா?

பதில்: முப்பது விநாடி என்றொரு விதி இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி போன்ற நோக்கங்களுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறதே தவிர, அதற்கு விநாடிக் கணக்கு எதையும் வகுக்கவில்லை. பாடகியின் குரல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எப்படி மாறியது என்பதை இசையறிஞர் ஒருவர் விளக்க, அந்த வரி மட்டும் ஒலித்தால் அது திறனாய்வு என்று வாதிட வழியுண்டு. ஊர்த் தெருக்களின் காட்சிக்குப் பின்னால் அதே வரி வெறும் பின்னணி இசையாக ஓடினால் பத்து விநாடியானாலும் அந்த வாதம் நிற்பது கடினம்.

அடுத்து, பாட்டு என்று நாம் ஒன்றாகச் சொல்வது சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அன்று. பாடல் வரி ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப் படைப்பு, இசைத்தட்டில் பதிவான ஒலி தனிப் படைப்பு, திரையில் ஓடும் காட்சி இன்னொன்று. 1961-இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ பாடலை எடுத்துக்கொள்வோம். படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் பாதுகாப்புக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். எனவே இசைத்தட்டும் அதே ஆண்டில் வெளியானதாகக் கொண்டால் இரண்டின் காலமும் 2021 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: அவற்றைப் படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981-இல். ஆகவே வரிகளுக்கு 2041 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து அமைத்தது. கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டையே கொள்வதால், 2015-இல் மறைந்த எம்.எஸ்.விஸ்வநாதனை வைத்து மெட்டின் காலம் 2075 இறுதிவரை நீள்கிறது. பழைய பாட்டுத்தானே, காலம் கடந்திருக்கும் என்று எண்ணுபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் பாடகியின் ஒவ்வொரு பாடலுக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் 1993-இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் அவர் எழுதிய வரிகளுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. மெட்டுக்குக் கேட்டாக வேண்டும்.

வரியையும் மெட்டையும் படைத்தவர் ஒருவராக இருக்க, அவற்றின் உரிமை இன்னொருவர் கையில் இருப்பதும் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, படத்துக்காக ஊதியம் பெற்று எழுதிய பாட்டுக்கும் அமைத்த இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் கூறியது. அந்தக் காலத் தயாரிப்பாளர்கள் பாடல் உரிமையைப் பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2012-ஆம் ஆண்டின் திருத்தம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத் தொகையில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதி செய்தது. ஆயினும் உங்களைப் போன்றவர் முதலில் கடிதம் எழுத வேண்டிய இடம் இசைத்தட்டு நிறுவனமே. எச்.எம்.வி. முத்திரையுள்ள தட்டானால் அந்த நிறுவனம் இன்று சரிகம என்ற பெயரில் இயங்குகிறது. பாட்டின் பிறப்பு விவரங்களை இணையத்தை நம்பி எழுதாதீர்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டில் படம், பாடியவர், தட்டு எண் ஆகியவை இருக்கும். படம் வெளியானபோது திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் எழுதியவர் பெயரும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் தேடலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. படத்தைத் தாங்க வேண்டியது இசைத்தட்டு அன்று, பாடகி. அவரை உட்கார வைத்து, ஒலிப்பதிவு நாளில் நடந்ததைச் சொல்லச் சொல்லி, இடையில் அவரே இரண்டு வரி பாடினால், பார்ப்பவருக்குக் கிடைப்பது எந்தத் தட்டிலும் இல்லாத ஒன்று. உரிமை நோக்கிலும் அதுவே எளிய வழி: ஒலிப்பதிவு உரிமை, காட்சி உரிமை இரண்டும் விலகிவிடும், வரியும் மெட்டும் மட்டுமே மிஞ்சும். இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ஓர் இந்திச் செய்தி அலைவரிசையின் நேர்காணலில் வசுந்தரா தாஸ் தாம் திரைப்படங்களில் பாடிய பாடல்களின் சில வரிகளைப் பாடியது தொடர்பான வழக்கில், தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2012-இல் அந்தப் பயன்பாடு மிக அற்பமானது என்று கருதி, அலைவரிசைக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை நீக்கியது. தம் வாழ்க்கையைப் பேச வந்த பாடகர் தம் பாட்டைத் தொடாமல் பேச முடியாது என்ற நடைமுறை உண்மைக்கு அந்தத் தீர்ப்பு இடம் தந்தது என்றே நான் வாசிக்கிறேன். முழுப் பல்லவியும் சரணமும் பாட வைத்துவிட்டு அதே தீர்ப்பைக் காட்ட முடியாது.

பாடகியின் சம்மதத்தை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். எங்கெங்கே, எவ்வளவு காலம் காட்டப்படும் என்பதைத் தமிழிலேயே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். அமெரிக்கப் பாடகி அரீதா பிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடியதை இயக்குநர் சிட்னி பொல்லாக் படமாக்கினார். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கிளாப் அடிக்காததால் ஒலியையும் ஒளியையும் பொருத்த முடியாமல் படம் கிடப்பில் போனது. பல ஆண்டுகளுக்குப் பின் தொழில்நுட்பம் அதைச் சரிசெய்தபோது, தம் ஒப்புதல் இல்லை என்று பாடகியே நீதிமன்றம் சென்றார். 2015-இல் விழாத் திரையிடல் நின்றது. அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் இசைந்ததால் 2018-இல்தான் படம் வெளிவந்தது. ஒரு கிளாப், ஒரு தாள்: இரண்டும் உங்கள் முதல் நாள் படப்பிடிப்பிலேயே இருக்கட்டும்.

மறைந்த பாடகரைப் பொறுத்தவரை, குடும்பத்தாரின் அனுமதி சட்டப்படி கட்டாயம் என்று சொல்ல முடியாது. பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை ஒருவரின் சம்மதமின்றியும் வெளியிடலாம் என்று ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பான 1994-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தனியுரிமையும் நற்பெயரும் ஒருவரின் மறைவுக்குப் பின் வாரிசுகளுக்குச் சொத்தைப் போல இறங்குவதில்லை என்று, ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படங்கள் குறித்து அவருடைய அண்ணன் மகள் ஜெ.தீபா தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. இருந்தாலும் குடும்பத்தாரைப் போய்ப் பாருங்கள் என்பேன். அவர்கள் வீட்டு அலமாரியில் உள்ள புகைப்படங்களும் கச்சேரி ஒலிநாடாக்களும் வேறெங்கும் கிடைக்காது. பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்; பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்ததென்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே பத்திரிகையுடையது; மற்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், புகைப்படக்காரரையே கேட்க வேண்டும்.

உரிமம் கேட்கும் கடிதத்தில் பாடல், படம், எத்தனை விநாடி, எந்தக் காட்சியில் வருகிறது, எங்கே திரையிடப்போகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விழாக்களுக்கு மட்டும் ஒரு விலை, யூடியூபுக்கு ஒரு விலை என்று தனித்தனியே கேளுங்கள். எல்லா ஊடகத்துக்கும் எல்லா நாட்டுக்கும் சேர்த்துக் கேட்டால் தொகை உங்கள் கைக்கு எட்டாது போகலாம். கடிதம் படத்தொகுப்பு முடிவதற்கு முன்பே போகட்டும். பதில் மறுப்பாக இருந்தால் காட்சியை மாற்ற அப்போது இடமிருக்கும். யூடியூபில், காலம் முடிந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்தினாலும் தானியங்கி முறை அதை அடையாளம் கண்டு உரிமை கோரக்கூடும். எனவே தட்டின் சீட்டைப் படமெடுத்து, ஆண்டுக் கணக்கோடு வைத்துக்கொண்டு மறுப்பு அனுப்புங்கள். பழைய தட்டிலிருந்தே ஒலியை எடுங்கள். பிற்காலத்தில் மெருகேற்றி வெளியிட்ட பதிப்புக்குத் தனி உரிமை கோரப்படலாம். யூடியூபுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. ஊர் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திரையிடுவதானால் தேவை.