தண்ணீரில் இறங்கும்போது சாவி, போன், பணத்தை எங்கே வைப்பது?

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு, அலைமேல் பலகையில் சறுக்கும் சர்ஃபிங் என்று தண்ணீரில் இறங்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. முடிந்தவரை எதையும் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் முதல் பதில். கொண்டுபோனதைக் கரையில் விடாமல் டிரை பேக்கில் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரை பேக் என்பது தண்ணீர் புகாத துணியில் செய்த, வாயைச் சுருட்டி மூடும் பை. வாயை மூன்று நான்கு முறை இறுக்கமாகச் சுருட்டி, கொக்கியை மாட்டவேண்டும். பொட்டலத்தின் வாயை மடித்து மடித்து மூடுகிறோமே, அதே வேலைதான்: ஒவ்வொரு சுருட்டும் தண்ணீர் உள்ளே வரும் வழியை நீளமாக்குகிறது. அவசரத்தில் ஒரே சுருட்டோடு விட்டால் ஒழுகும். அப்புறம், உள்ளே கொஞ்சம் காற்றை விட்டுவையுங்கள். கைதவறி விழுந்தாலும் பை மிதக்கும்.

கரையில் விட்டால் என்ன? நீங்கள் தண்ணீருக்குள் போய்விட்டால் சட்டென்று திரும்பமாட்டீர்கள் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். டயர் மேல் சாவியை வைப்பதும் துண்டுக்குள் போனைச் சுருட்டுவதும் நமக்குத்தான் ரகசியம்; எட்ட நின்று கவனிப்பவனுக்கு அப்படி இல்லை. ரிமோட் சாவியைக் காருக்குள்ளேயே விட்டாலோ, பல கார்கள் பூட்டவே பூட்டாது.

“என் போன் வாட்டர்ப்ரூஃப், பை எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு, ஆனால் போன் தண்ணீரைத் தாங்குமா என்று பார்க்கும் ஐபி68 என்ற தரச் சோதனை நன்னீரில் நடப்பது, உப்புத்தண்ணீருக்கும் அலையின் அடிக்கும் அது உத்தரவாதம் தருவதில்லை.