கார்டு செத்தால் கருவியும் செத்தது: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொந்தமாகக் கருவி செய்து விற்கிறவர்கள் எழுதியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கும் டேட்டா லாகர் செய்கிறோம். வோல்டேஜ், ஆம்பியர் எல்லாம் நொடிக்கு ஒருமுறை மைக்ரோ எஸ்.டி. கார்டில் பதிவாகும். நாலைந்து மாதத்தில் கார்டுகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடுகின்றன. எந்த பிராண்ட் வாங்கலாம்? (கோயம்புத்தூர்)

பதில்: பிராண்டை விடுங்கள், முதலில் உங்கள் புரோகிராமைப் பார்ப்போம். ஃபிளாஷ் மெமரியில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதுவது நொடிக்கு 64 பைட் ஒரு வரி என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு முறையும் ஃபைலை மூடினால், எந்த ஃபைல் எங்கே என்று குறித்துவைக்கும் ஃபேட் அட்டவணையும் டைரக்டரி பதிவும் சேர்ந்து மாறும், கார்டு உள்ளுக்குள் அதைப்போல் பல மடங்கு இடத்தை நகர்த்தும். ஒரு நாளைக்கு இது 86,400 தடவை. கடையில் கிடைக்கும் சாதாரண கார்டு டி.எல்.சி. வகை (ஒரு செல்லில் மூன்று பிட்), ஒரு பிளாக் தோராயமாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் தடவை அழித்தெழுதத் தாங்கும். எஸ்.எல்.சி. (ஒரு செல்லில் ஒரே பிட்) என்றால் ஐம்பதாயிரம் முதல் லட்சம். நடுவில் சூடோ எஸ்.எல்.சி. என்று ஒன்று உண்டு, கொள்ளளவைக் குறைத்துக்கொண்டு ஆயுளைக் கூட்டியது. உங்களுக்கு அதுவே போதும்.

ஆனால் அதற்கு முன்னால் எஃப்ரேம் என்ற வேறு வகை மெமரி சிப், 32 கிலோபைட் அளவில் ஒன்றைப் போர்டில் வையுங்கள். லட்சம் கோடி தடவை எழுதினாலும் அது அசராது. 64 பைட் வரிகள் 512 அதில் கொள்ளும், அதாவது எட்டரை நிமிடத்துப் பதிவு. நிரம்பியதும் மொத்தமாகக் கார்டில் இறக்குங்கள். கரண்ட் போனாலும் எஃப்ரேமில் இருப்பது போகாது.

அப்புறம் கரண்ட். கார்டு ஒருமுறை எழுதி முடிக்கக் கால் நொடி வரைகூட எடுக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரம் அறுந்தால் உங்கள் ஃபைல் மட்டும் போகாது, எந்தத் தகவல் எந்த இடத்தில் என்று கார்டு தனக்காக வைத்திருக்கும் கணக்கே குலைந்து, கம்ப்யூட்டரில் செருகினால் கார்டே இல்லாததுபோல் காட்டும். உங்களிடம் திரும்பி வந்தவற்றில் பல இப்படிச் செத்தவையாகத்தான் இருக்கும். சப்ளை இறங்குவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சர்க்யூட்டும், அரை நொடி தாங்கும் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டரும் போடுங்கள்.

கேள்வி: ஃபைனல் இயர் புராஜெக்ட். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைச் சேமிக்க வேண்டும். 64 ஜிபி போதுமா, 128 வாங்கட்டுமா? (திருச்சி)

பதில்: ஒரு பதிவுக்கு 8 பைட், நாளைக்கு 144 பதிவு. 24சி256 என்ற எட்டுக்கால் இ.இ.பிராம் மெமரி சிப் (32 கிலோபைட்) 28 நாள் தாங்கும். மீதிக் காசில் பிரியாணி சாப்பிடுங்கள்.

கேள்வி: 2 டிபி பென் டிரைவ் 499 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (மதுரை)

பதில்: கூடாது.

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரு கடையில் "இண்டஸ்ட்ரியல்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு, சாதாரண கார்டைவிட நூறு ரூபாய்தான் அதிகம். நம்பலாமா? (கிண்டி)

பதில்: இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். "முரட்டு உழைப்புக்கு" என்று ரப்பர் உறை போட்டு விற்ற ஒரு பென் டிரைவை நானும் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அது படுத்ததும் ரப்பரை உரித்துப் பார்த்தால், சின்னப் பச்சைப் போர்டு ஒன்றில் பெயரே இல்லாத மைக்ரோ எஸ்.டி. கார்டைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். முரடு எல்லாம் ரப்பரில்தான்.

கடைக்காரரிடம் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) கேளுங்கள். அதில் எந்த வகை ஃபிளாஷ், எத்தனை தடவை அழித்தெழுதலாம், எந்த வெப்பத்தில் எத்தனை வருடம் தகவல் நிற்கும் என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் ஓடும் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், பொள்ளாச்சியில் அதை வைத்து என்ன செய்வது? மேல் எல்லை 85 டிகிரி என்று சாதாரண கார்டுகள் பலவும் போட்டிருக்கும். நமக்கு வேண்டியது வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் தகவல் எவ்வளவு காலம் அழியாமல் இருக்கும் என்பது. சூடு ஏற ஏற, கார்டு தேயத் தேய, அந்தக் காலம் குறைந்துகொண்டே வரும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. சாதாரண கார்டுகளில் அதே பெயர், அதே அட்டை, அதே விலை இருக்கும், உள்ளே இருக்கும் கண்ட்ரோலரும் சிப்பும் மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். நீங்கள் சோதித்துத் தேறியது ஒன்று, ஆறு மாதம் கழித்து வாங்குவது வேறொன்று. உண்மையான இண்டஸ்ட்ரியல் கார்டு விற்பவர் உள்ளிருப்பதை மாற்றமாட்டேன், மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பேன் என்று ஒப்புக்கொள்வார். அதிக விலை அந்த உத்தரவாதத்துக்கும் சேர்த்துத்தான். சம்பி என்ற கருவியைச் செய்த ஆண்ட்ரூ ஹுவாங், தன் உற்பத்திக்கு வந்த ஒரு தொகுதி கார்டுகள் சந்தேகமாக இருக்கவே, கார்டுக்குள் பதிவாகியிருக்கும் சி.ஐ.டி. என்ற அடையாள எண்களைப் படித்தார், ஆசிட் ஊற்றிச் சிப்பைத் திறந்தும் பார்த்தார். நீங்கள் ஆசிட் வரை போக வேண்டாம். லினக்ஸ் கம்ப்யூட்டரின் கார்டு ஸ்லாட்டில் செருகினால் தயாரிப்பாளர் எண், வரிசை எண் எல்லாம் தெரியும். தயாரிப்பாளர் எண் வெறும் பூஜ்யமாக இருந்தாலோ, எல்லாக் கார்டுக்கும் ஒரே வரிசை எண் இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நானும் தம்பியும் மட்டும் நடத்தும் சின்ன யூனிட். ஆன்லைனில் 200 கார்டு வாங்கினோம். 32 ஜிபி என்று காட்டுகிறது, எட்டைத் தாண்டினால் எழுதியது எல்லாம் குப்பையாகிறது. விற்றவர் பதிலே சொல்வதில்லை. தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட் எடுக்காது என்கிறார்கள். (அம்பத்தூர்)

பதில்: உங்களை ஏமாற்றியவன்மேல் எனக்கும் கோபம்தான். அவர்கள் சொல்வது பாதி சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய, தானே பயன்படுத்த வாங்கியவருக்கு அதிலேயே விலக்கு உண்டு. நீங்கள் இருவர் மட்டும் கையால் வேலை பார்க்கும் யூனிட் என்பதால் வாதாட இடம் இருக்கிறது, ஜெயம் நிச்சயம் என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915-க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். அதற்கும் முன்னால், கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 என்ற இலவச புரோகிராமில் ஒவ்வொரு கார்டையும் ஓட்டி, முடிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். பிரிக்காத பாக்கெட்டுகள் சிலவற்றை அப்படியே விட்டுவிடுங்கள், சாட்சிக்கு வேண்டும்.

கேள்வி: 500 கார்டு வாங்கிவிட்டோம். இப்போது எப்படிச் சோதிப்பது? (ஓசூர்)

பதில்: மேலே உள்ள பதிலிலேயே இருக்கிறது. அடுத்த முறை ஐந்து வாங்கிச் சோதித்துவிட்டு 495 வாங்குங்கள்.

கேள்வி: எம்பிராய்டரி மெஷினுக்குக் கண்ட்ரோலர் செய்கிறோம். டிசைனை பென் டிரைவில் கொண்டுவந்து செருகுவார்கள். இடுப்பு இடித்து டிரைவ் உடைகிறது, இல்லையென்றால் சாக்கெட் ஆடுகிறது. (திருப்பூர்)

பதில்: சாதாரண யு.எஸ்.பி. சாக்கெட்டின் கணக்கு 1,500 தடவை செருகி எடுப்பது. நாளைக்குப் பத்து டிசைன் என்றால் அரை வருடம்கூட வராது. சாக்கெட்டை மெயின் போர்டில் சால்டர் பண்ணாதீர்கள். பேனலில் தனி சாக்கெட்டைத் திருகி, குட்டி கேபிளில் போர்டுக்கு இழுங்கள். தேய்ந்தால் ஆபரேட்டரே மாற்றிக்கொள்வார். பஞ்சுத் தூசிக்கு மூடி போடுங்கள், இடுப்பு படாத பக்கமாக வையுங்கள். சாவி வடிவில் வரும் மெமரி கீ நன்றாக உழைக்கும், ஆனால் டிசைன் வரைகிறவரின் கம்ப்யூட்டரில் அதற்கென்று தனி ரீடர் வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் அதற்குச் சம்மதிக்கமாட்டார்.

கேள்வி: கடைகளுக்கு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் விளம்பரத் திரை வைத்துத் தருகிறேன். ராத்திரி மெயினை அணைத்துவிடுகிறார்கள், கார்டு போகிறது. ஷட் டவுன் பண்ணச் சொன்னால் கேட்பதில்லை. (சேலம்)

பதில்: கேட்கமாட்டார்கள். கடை பூட்டுகிறவர் மெயினைத்தான் அணைப்பார், அவர் செய்வது சரி. ராஸ்பி-கான்ஃபிக் என்ற அதன் செட்டிங் புரோகிராமில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். எழுதுவதெல்லாம் கார்டுக்குப் போகாமல் ரேம் மெமரிக்குப் போய்விடும். விளம்பரம் மாற்ற வேண்டிய அன்று மட்டும் ஆஃப் செய்து, மாற்றிவிட்டுத் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள்.