12 மி.மீ. வாங்கச் சொல்லுங்கோ

வணக்கம் தம்பி. உப்புவெளி விடுதியில குழியில்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசை, கையில ஸ்னூக்கர் கியூ (பந்தை அடிக்கிற கோல்), திரீ குஷன் (பந்து மேசை விளிம்பில மூண்டு தரமாவது பட்டு வரவேண்டிய ஆட்டம்) ஆடினால் பந்து பாதியில நிக்குது. பாரிசிலிருந்து வாற மாமாவிடம் நுனி 11 மி.மீ. தடிப்பான ஷாஃப்ட் (கியூவின்ர முன்பாதி) சொல்லுறதோ 12ஓ எண்டு கேட்டிருந்தீங்கள்.

12தான். முனையிலிருந்து அடிவரை சீராகத் தடிச்சுக்கொண்டு போற கூம்பு வடிவமாக இருக்கவேணும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ.; கேரம் பந்து 61.5 மி.மீ., 200 கிராமுக்கு மேல. மேசையைச் சுத்திவர அதை ஓட்டுறதுக்கு விறைப்பான ஷாஃப்ட் வேணும். ஸ்ட்ரெயிட் ரெயில், பால்க்லைன் எண்ட மற்றக் கேரம் ஆட்டங்களில பந்துகளைப் பக்கத்திலேயே வச்சுத் தட்டுறது. அதுக்குத்தான் 11 மி.மீ., பாரமும் குறைவு. ரெண்டும் ஆடுவனெண்டாலும் 12ஐ வாங்குங்கோ. பிறகு கடைஞ்சு மெலிக்கலாம், 11ஐத் தடிக்க வைக்க ஏலாது.

முக்கியமான ஒண்டு: ஷாஃப்ட் மட்டும் வந்தால் உங்கட ஸ்னூக்கர் கியூவின்ர அடியோட பெரும்பாலும் பூட்டாது, மரை வேற. முழுக் கியூவாகவே கேளுங்கோ. மாமா முறைக்கத்தான் செய்வார்.

மேப்பிள் மரம் எங்கட கடற்காத்துக்கு வளையும். மாரியில சுவரில சாத்தி வைக்காமல் பெட்டிக்குள்ள வையுங்கோ. கார்பன் வளையாது, விலைதான் கண்ணைக் கட்டும்.